பக்கத்து வீட்டு நியூட்ரல்

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலையில் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு மாமி போன் செய்தார். "பேரன் ஒரு ட்ரிப்பர் வாங்கி மாட்டிட்டுப் போனான். அது சும்மா சும்மா விழறது. ரெண்டு பேர் வந்து பார்த்துட்டா. ஒருத்தர் கீசர்தான் காரணம்னார், புது கீசரே வாங்கியாச்சு. அப்பவும் விழறது. இன்னொருத்தர் டைரக்ட் பண்ணிடலாம்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன். நீங்க ஒரு தடவை வந்து பாருங்கோளேன்."

வேண்டாம் என்று அவர் சொன்னதற்காகவே அன்று ஒப்புக்கொண்டிருந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போனேன்.

பெரிய தெருவிலிருந்து பிரிகிற சந்தில் அந்த வீடு. நடுவில் முற்றம், வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையில் ரேழி, சுற்றிலும் நான்கு போர்ஷன். ஒரு காலத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீடு. பாகப்பிரிவினைக்குப் பிறகு ஒவ்வொரு போர்ஷனும் ஒவ்வொருவர் கைக்குப் போய்விட்டது. வாசலில் இப்போது நான்கு மீட்டர். மாமியுடையது இடப்பக்கத்து முதல் போர்ஷன். புது டி.பி. பாக்ஸில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் (மாமி சொன்ன ட்ரிப்பர் அதுதான்), பக்கத்தில் கரண்ட் அளவு மீறினால் விழும் நான்கு எம்.சி.பி.யும் சுத்தமாகப் பொருத்தியிருந்தார்கள். வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

எல்லா பிளக்கையும் பிடுங்கினேன். நான்கு எம்.சி.பி.யையும் கீழே இறக்கினேன். ஆர்.சி.சி.பி. மட்டும் மேலே நின்றது. மாமி காபி கொண்டுவந்து வைத்தார். குடித்து முடிப்பதற்குள் டப் என்று விழுந்தது. ஒரு விளக்குகூட எரியாத வீட்டில் விழுந்தது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிரைண்டர் ஓடுகிற சத்தம்.

பக்கத்துப் போர்ஷன் கதவைத் தட்டி, "அம்மா, கிரைண்டரை ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார்கள். இங்கே வந்து தூக்கிவிட்டேன், நின்றது. "இப்ப போடுங்க." போட்டார்கள், விழுந்தது. மூன்று தடவையும் அப்படியே. அந்தம்மாவுக்குப் பயமே வந்துவிட்டது, தன் கிரைண்டர் மாமி வீட்டுக்கு ஏதோ கெடுதல் செய்துவிட்டதாக. கிரைண்டர் மேல் ஒரு பழியும் இல்லை. பாதி விஷயம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மீதியைச் சொல்ல, நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் இந்த ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் பேஸ் கம்பி வழியாகக் கரண்ட் போகிறது, நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்புகிறது. ஆர்.சி.சி.பி.க்குள் ஒரு காந்த வளையம் இருக்கிறது. இரண்டு கம்பியும் அதன் நடுவே செல்கின்றன. போனது முழுக்கத் திரும்பினால் இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கொஞ்சம் குறைந்தால், அந்தக் குறை வேறு வழியாக, ஒருவர் உடம்பு வழியாகக்கூட, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றிய மூன்றாவது சுருளில் தெரியும், கொக்கி விலகும், பேஸும் நியூட்ரலும் சேர்ந்து அறுபடும். 30 மில்லி ஆம்பியர் என்று மேலே எழுதியிருந்தால், 15 வரை விழக் கூடாது, 30-ல் கட்டாயம் விழ வேண்டும். இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு இழுப்பதே சுமார் 40 மில்லி ஆம்பியர் என்று நினைத்தால், இது எவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பார்க்கிறது என்று புரியும்.

இத்தனை கறாரான கணக்கு இந்தக் கருவி வரும்வரை எங்கள் தொழிலுக்குப் பழக்கமில்லாதது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது என் தாய்மாமா. நான் அவரிடம் ஹெல்பராகச் சேர்ந்தது 1983. அவர் வேலை செய்யத் தொடங்கியது அதற்கு இருபது வருஷம் முன்பு. அவருடைய குரு வேலை கற்ற நாட்களில் இந்த ஊர் மின்சாரம் பேசின் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து வந்தது, கம்பெனிக்காரர்களுடையது; 1947-ல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதற்கும் முன்னால் 1895-லேயே இங்கே மின்சார டிராம் ஓடியது. முதலில் டிராமுக்கான மின்கம்பியைச் சாலைக்கு அடியில் கால்வாய் வெட்டி அதற்குள்தான் வைத்தார்கள். சென்னையின் மழை அந்தக் கால்வாயில் புகுந்து பாழாக்கிய பிறகே கம்பியைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். மழை, மண், கரண்ட் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இந்த ஊருக்கு டிராம் காலத்திலிருந்தே தெரிந்த பாடம்.

மாமா காலத்து வயரிங் ரீப்பர் வயரிங். சுவரில் துளை போட்டு மரக்கட்டை அடித்து, தேக்கு ரீப்பரை அதன் மேல் திருகி, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு தகர கிளிப் போட்டு, ரப்பர் உறை போட்ட செம்புக் கம்பியை அதில் மடக்கிப் பிடிப்பார்கள். கொஞ்சம் வசதியான வீடென்றால் கம்பியை மரப்பட்டிக்குள் போட்டு மேலே மூடியிருப்பார்கள். சுவிட்சும் சீலிங் ரோஸும் மரத்தாலான ரவுண்ட் பிளாக் மேல் உட்காரும். நேர்க்கோடு தப்பினால் மாமா முழுவதையும் பிரித்துத் திரும்ப அடிப்பார். இன்றைக்குச் சுவருக்குள் பைப் போட்டு மூடிவிடுகிறோம், கம்பி எப்படிப் போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்றைக்கு எல்லாமே கண் முன்னால் இருந்தது.

ஒண்டுக்குடித்தன வீட்டில் மீட்டர் ஒன்றுதான். பல வீடுகளில் வாடகையோடு விளக்குக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். இரவு மெயினை இறக்கிவிடுகிற வீட்டுக்காரர்களும் உண்டு. ஒவ்வொரு போர்ஷனுக்கும் பேஸ் மட்டும் தனித்தனி ஃப்யூஸ் வழியாகப் போகும். யார் வீட்டு ஃப்யூஸைப் பிடுங்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டுமே! நியூட்ரலுக்கு அந்தத் தேவை இல்லை. முற்றத்துக் கிணறு மாதிரி அது பொது. எந்தப் பக்கம் பக்கத்தில் இருக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். மாடிப்படி விளக்குக்குக் கீழ் போர்ஷனிலிருந்து பேஸ், மேல் போர்ஷனிலிருந்து நியூட்ரல். ரேழி விளக்குக்கு இடப்பக்கத்திலிருந்து பேஸ், வலப்பக்கத்திலிருந்து நியூட்ரல். கம்பி மிச்சம், விளக்கு எரியும், ஃப்யூஸ் நிற்கும். இதைத் தப்பென்று சொல்ல அன்றைக்கு எந்தக் கருவியும் இல்லை. நானும் சொல்ல மாட்டேன். ஒரே மீட்டருக்கு அடியில் இருக்கிறவரை அதில் ஆபத்தும் பெரிதாக இல்லை.

பீங்கான் கிட்கேட் ஃப்யூஸ் தாராள மனசுக்காரன். அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: கம்பி உருகும் அளவுக்குக் கரண்ட் போகிறதா இல்லையா. போன கரண்ட் எந்த வழியாகத் திரும்பியது என்று அது கேட்காது. பக்கத்து வீட்டு நியூட்ரல் வழியா, தண்ணீர்க் குழாய் வழியா, ஒரு குழந்தையின் உள்ளங்கை வழியா, எதுவும் அதற்கு ஒன்றுதான். அதையும் சும்மா விட்டார்களா? ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்றால் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடுவார்கள். இன்னும் பழைய போர்டுகளில் நியூட்ரலிலும் ஒரு ஃப்யூஸ் இருக்கும். அது உருகினால் விளக்கு அணையும், ஆனால் பேஸ் உயிரோடு ஹோல்டர்வரை நிற்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைத்தவன் தூக்கியெறியப்படுவான். எர்த் செய்த நியூட்ரலில் ஃப்யூஸ் கூடாது என்று 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளின் 32-வது விதி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் கழித்தும் அப்படிப்பட்ட போர்டுகளை நானே கழற்றியிருக்கிறேன்.

எர்த் விஷயம் இன்னும் வேதனை. வீட்டு ஓரத்தில் குழி தோண்டி, ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடுவோம். கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வருவோம். யாரும் ஊற்ற மாட்டார்கள். எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மாமாவிடம் ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தது: 100 வாட் குண்டு பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு கம்பி. ஒரு கம்பி பேஸில், மற்றது எர்த்தில். பல்பு பளிச்சென்று எரிந்தால் எர்த் நல்லது. எனக்கும் அதுதான் முதல் பாடம். ஆனால் 100 வாட் பல்பு எரிய அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும். ஒரு உபகரணத்தின் உடம்பில் பேஸ் பட்டுவிட்டால் 15 ஆம்பியர் ஃப்யூஸை உருக்கும் அளவு கரண்ட் அந்தக் குழி வழியாகப் போக முடியுமா என்பதைப் பல்பு சொல்லாது. எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள், சென்னை மணலில் கோடைக்கு அது அதிசயமில்லை. 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். ஃப்யூஸ் அசையாது. கீசரின் இரும்பு உடம்பு கரண்டோடு நிற்கும், மீட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தது என்று சொல்லிவிட்டு வந்த வீடுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறக்கம் கலையும்.

அந்தப் பாடத்திலிருந்தே இன்னொரு கெட்ட பழக்கமும் முளைத்தது. நியூட்ரல் எங்காவது அறுந்துபோனால், அறுந்த இடத்தைத் தேடாமல், "எர்த்துல இருந்து எடுத்துக் குடுடா" என்பார்கள். விளக்கு எரியும், வீட்டுக்காரர் காசு கொடுப்பார். அந்த வீட்டின் எர்த் கம்பி முழுக்க அன்றிலிருந்து கரண்ட் ஓடும் கம்பி. அதில் தொடுத்த வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பும் அதில் பங்காளி. மாமா இதை ஒருபோதும் செய்ததில்லை. செய்தவனோடு அவர் பேசுவதில்லை.

உலகத்தில் இந்தக் கவலை எப்போது கருவியாக மாறியது என்று பின்னாளில் தேடிப் படித்தேன். முதலில் வந்தது வோல்டேஜ் பார்த்து விழுகிற வகை. உபகரணத்தின் உடம்புக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு சுருள். உடம்பில் ஆபத்தான வோல்டேஜ் ஏறினால் இழுக்கும். ஈ.எல்.சி.பி. என்ற பெயர் அதனுடையது. அந்த வகை மறைந்தும், எங்கள் வாயில் இன்றுவரை பெயர் மட்டும் நிற்கிறது. அதன் குறை, கரண்ட் வேறு வழியாக மண்ணுக்குப் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. ஒருவன் நேராக பேஸைத் தொட்டால் அது காப்பாற்றாது.

போவதையும் வருவதையும் ஒப்பிடும் யோசனையை வீட்டுக்குக் கொண்டுவந்த பெருமை தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு உண்டு. அங்கே ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955-ல் சுரங்கத்துக்கென்று 250 மில்லி ஆம்பியரில் விழும் கருவி ஒன்றைச் செய்தார். அதற்கு முன்பிருந்தவை சுமார் 10 ஆம்பியர் கசிந்தால்தான் விழும். அடுத்த வருஷமே 20 மில்லி ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிட்டார். ஸ்டில்ஃபான்டைன் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அவற்றை மாட்டினார்கள். தரைக்கு அடியில் தினமும் ஆபத்தோடு இருந்த மனிதர்களின் வீடுகளுக்கு அந்தக் காவல் முதலில் போனது என்று படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

எத்தனை மில்லி ஆம்பியர் வரை மனிதன் தாங்குவான் என்பதைக் கணக்குப் போட்டவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் டால்சியல். தாமாக முன்வந்தவர்களின் கையில் கரண்ட் கொடுத்து, பிடித்த கம்பியை எந்த அளவுவரை விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால் கை கம்பியை விடாது. ஆஸ்திரியாவில் கோட்ஃப்ரீட் பீகல்மயர் தன் உடம்பிலேயே கரண்ட் விட்டுச் சோதித்தவர். 1950-களின் பிற்பாதியில் அங்கே இந்தக் கருவியை வளர்த்தவரும் அவர்தான். அங்கே இடி மின்னல் வரும்போதெல்லாம் கருவி விழ ஆரம்பித்தது. ஊருக்குப் போயிருந்தவர்களின் ஃப்ரீசர் கெட்டுப்போனால் யார் பொறுப்பு? அதனால் மின்னல் அதிர்வுக்கு ஒரு நூறில் ஒரு பங்கு நொடி பொறுத்துப் பார்க்கிற வகை ஒன்றைத் தனியாகச் செய்தார்கள். கருவி பிறந்த நாளிலிருந்து 'சும்மா விழுது' என்ற புகாரும் கூடவே பிறந்திருக்கிறது.

நம் நாட்டில் 1956 விதிகளில் 61-ஏ என்று ஒரு விதியைப் பின்னாளில் சேர்த்து, எர்த் கசிவுக்குக் காப்புக் கருவி வேண்டும் என்றார்கள். ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த வீட்டு இணைப்புகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், ஒரு பல்பு. அது எப்படி 5 கிலோவாட் ஆகும்? ரப்பர் பொடிந்து உதிரும் வயரும், செத்துப்போன எர்த்தும் இருந்த வீடுகள் எவையோ, அவையே சட்டத்துக்கு வெளியே நின்றன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் முதலில் கையால் தொட்ட ஈ.எல்.சி.பி. 1991-ல், அண்ணா நகரில் ஒரு பெரிய வீட்டில். கோவிந்தப்பா நாயக்கன் தெருவில் விலை கேட்டு மாமா மலைத்துப் போனார். மாட்டின மூன்றாம் நாளே கூப்பிட்டார்கள், விழுகிறதென்று. வீடு முழுக்க மெக்கர் போட்டுப் பார்த்தால் தோட்டத்து விளக்குக் கம்பி மண்ணுக்குள் உரிந்திருந்தது. மெக்கர் என்பது கையால் சுற்றுகிற சின்ன ஜெனரேட்டர். 500 வோல்ட் கொடுத்துக் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே இன்சுலேஷன் எப்படி இருக்கிறது என்று முள் காட்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. மாமா அன்று மாலை சொன்னார்: "இவ்வளவு நாள் நாம வெளக்கு எரியுதான்னு பார்த்தோம். இது கரண்ட் எங்கெல்லாம் ஒழுகுதுன்னு பார்க்குதுடா."

அதற்கு அடுத்த சில வருஷங்களில் நான் தனியாகக் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் இப்படியே அடிக்கடி விழுந்தது. காண்ட்ராக்டர், "டைரக்ட் குடுத்துட்டு வா" என்றார். ஈ.எல்.சி.பி.யின் மேல் கம்பியையும் கீழ் கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டு வந்தேன். கருவி பெட்டிக்குள் அழகாக நின்றது, எந்த வேலையும் செய்யாமல். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டில் வேலை செய்த பெண்ணை வாஷிங் மெஷின் பிடித்துக்கொண்டது. ஓடிவந்து யாரோ மெயினை இறக்கியதால் உயிர் பிழைத்தார். வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது. நான் போய் அவரைப் பார்த்தேன். என்மேல் அவர் கோபப்படவில்லை, எதற்காக வந்திருக்கிறேன் என்றே அவருக்குத் தெரியவில்லை. சொன்னேன். அன்றிலிருந்து டைரக்ட் என்பதை என் கையால் செய்ததில்லை.

விழுகிற ஒவ்வொரு வீட்டிலும் பிறகு நான் கண்டது பெரும்பாலும் அந்த வீட்டின் வரலாற்றைத்தான். 1980-களில் கான்கிரீட் கூரைக்குள் பைப் போட்ட வீடுகளில், மொட்டைமாடி விரிசல் வழியாக மழை இறங்கிப் பைப்பில் தேங்கியிருக்கும். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். 2008-லிருந்து 2012 வரை மின்வெட்டு ஆட்டிப்படைத்த காலத்தில் அவசர அவசரமாக இன்வெர்ட்டர் மாட்டிய வீடுகளில், இன்வெர்ட்டருக்குப் பேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் எடுத்து, அதன் நியூட்ரலை ஆர்.சி.சி.பி.க்குப் பின்னாலுள்ள கட்டையில் திருகியிருப்பார்கள். வராத கரண்ட் திரும்புவதாகத்தான் கருவிக்குத் தெரியும், விழும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இடுப்பளவு தண்ணீரில் மூழ்கிய சுவிட்ச் போர்டுகளைக் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றாக மெக்கர் போட்டதில் எங்களுக்குப் பொங்கல்வரை வேலை. அந்த வருஷம் ஆர்.சி.சி.பி. விழவில்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

விழுவதற்கு இன்றைக்குப் புதிதாக ஒரு காரணம் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர், டி.வி., எல்.இ.டி. டிரைவர், இன்வெர்ட்டர் ஏ.சி. எனப் பலவற்றுக்குள்ளும் இரைச்சலை வடிகட்ட ஒரு கண்டென்சர் எர்த்துக்கு இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர் கசிய விடும். வாஷிங் மெஷினுக்கு 3.5 வரை தரநிலையே அனுமதிக்கிறது. தனித்தனியே எதுவும் கெட்டதில்லை. ஒரே ஆர்.சி.சி.பி.க்குக் கீழே பத்துப் பொருள் சேர்ந்தால் 12, 13 ஆகிவிடும். பிறகு ஈரமான இஸ்திரிப் பெட்டி ஒன்று போதும். இதற்கு மருந்து கருவியைக் கழற்றுவதல்ல, பிரிப்பது: சமையலறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று. முடிந்தால் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும், எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு ஆர்.சி.பி.ஓ.

தேடும் முறையில் ஒன்றை மட்டும் சின்னப் பையன்களுக்கு வற்புறுத்திச் சொல்வேன். எம்.சி.பி.யை இறக்கிவிட்டால் அந்த சர்க்யூட் கழன்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். வீட்டு எம்.சி.பி. பெரும்பாலும் பேஸை மட்டும் அறுக்கும். நியூட்ரல் கட்டையில் அப்படியே இருக்கும். நியூட்ரல் எங்காவது சுவிட்ச் பாக்ஸின் தகரத்தில் நசுங்கி எர்த்தைத் தொட்டாலும், பக்கத்து வீட்டு நியூட்ரலோடு சேர்ந்தாலும், எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.சி.பி. விழும். ஆகவே நியூட்ரல் கட்டையில் ஒவ்வொரு கம்பியாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றினால் விழுவது நிற்கிறதோ அதன் பின்னால் போக வேண்டும்.

மாமி வீட்டில் அதைத்தான் செய்தேன். மூன்றாவது கம்பியைக் கழற்றியதும் பக்கத்து வீட்டுக் கிரைண்டர் ஓடினாலும் ஆர்.சி.சி.பி. நின்றது. அந்தக் கம்பி புதுப் பைப்பிலிருந்து வெளியே வந்து, ரேழி மூலையில் பழைய ரீப்பரில் ஏறியது. மேலே பார்த்தேன். கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நாலு விரல். ஏணி போட்டு ஏறி ரேழி விளக்கின் ரவுண்ட் பிளாக்கைத் திருகிக் கழற்றினேன். சிலந்தி வலைக்கும் பல்லி முட்டை ஓட்டுக்கும் நடுவில், கறுத்துப்போன டேப்புக்குள், இடப்பக்கத்து நியூட்ரலும் வலப்பக்கத்து நியூட்ரலும் விளக்கு நியூட்ரலும் ஒரே முறுக்கில் சேர்ந்திருந்தன.

பாகம் பிரித்து மீட்டர் நான்கானபோது யாரோ பேஸையெல்லாம் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த முறுக்கை யாரும் திறக்கவில்லை. விளக்குதான் எரிந்துகொண்டிருந்ததே. அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக் கிரைண்டர் இழுத்த கரண்டில் ஒரு பங்கு மாமி வீட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மாமி வீட்டுக் கீசருடையதில் ஒரு பங்கு அவர்கள் வழியாக. சின்ன விளக்கு போட்டால் நிற்பதும் கீசர் போட்டால் விழுவதும் அதனால்தான். கீசர்மேல் பழி விழுந்ததும் அதனால்தான். முப்பது வருஷமாக இரண்டு வீட்டுக் கரண்டும் கைகோத்துப் போய்வந்திருக்கின்றன, யாருக்கும் தெரியாமல்.

அந்த முறுக்கு எனக்குப் பழக்கமானதாக இருந்தது. வெட்டும்போது அதைத் தனியாக, முழுசாக எடுத்து டூல் பையில் போட்டுக்கொண்டேன். ரேழி விளக்குக்கு மாமி டி.பி.யிலிருந்தே பேஸும் நியூட்ரலும் இழுத்தேன். வலப்பக்கத்தை அவர்கள் மீட்டரோடு தனியாக முடித்தேன். கிளாம்ப் மீட்டரில் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, வீடு முழுக்க ஓடவிட்டுப் பார்த்தபோது 4 மில்லி ஆம்பியர் காட்டியது. டெஸ்ட் பட்டனை மாமியையே அழுத்தச் சொன்னேன். டப் என்று விழுந்ததும் பயந்து கையை எடுத்தார். "மாசத்துக்கு ஒருதரம் இப்படிப் பண்ணுங்க மாமி, அமாவாசைன்னு வெச்சுக்கோங்க" என்றேன். பக்கத்து வீட்டம்மா ஒரு பாத்திரத்தில் இட்லி மாவு கொண்டுவந்து மாமியிடம் கொடுத்தார்.

சாயந்திரம் மாமா வீட்டுக்குப் போனேன். 85 வயது, கண் ஏறக்குறைய போய்விட்டது. டேப்பைப் பிரித்துவிட்டு அந்த முறுக்கை அவர் கையில் வைத்தேன். கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டு போனார்.

"எட்டு. கடைசிச் சுத்த உள்ள மடிச்சிருக்கு. எங்க எடுத்த?"

சந்தின் பெயரைச் சொன்னேன்.

"அறுபத்தெட்டுல போட்டது. ஆடி மாசம்." கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கேட்டார்: "அது சரி, ரேழி வெளக்குக்குப் புது நியூட்ரல் எந்தப் பக்கமா இழுத்த?"